வசு சொன்னது

அன்றைய காமிக்ஸின் கடைசிக் கட்டத்தில் வசு சொல்லியிருந்தாள்: "உன்ற தம்பி ஒரு தடவதான் செத்தான், ஜெனி. நீ எத்தன தடவ லீவு எடுப்ப?"

வசுமதி அதைச் சரவணம்பட்டி சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தபோது கைப்பேசியில் படித்தாள். பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வேன்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை.

அந்த வாக்கியம் அவளுடையது. முந்தின நாள் கூட்டத்தில் ஜெனோவா மறுபடியும் லீவு கேட்டபோது, இதே சொற்கள் இதே வரிசையில் வசுமதியின் மனசுக்குள் வந்தன. சொல்ல வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எங்கும் எழுதவில்லை. இப்போது ஊரே படித்துக்கொண்டிருந்தது.

மரநாய் கேம்ஸ் என்ற அந்தச் சின்ன நிறுவனம் ஒரு கிரைண்டர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. மொத்தமே நாலு பேர். சென்னையில் பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டுக் கோயம்புத்தூருக்கு வந்த முதலாளி ரகோத்தமன். புரோகிராம் எழுதுகிற இசக்கிமுத்து. படம் வரைகிற ஜெனோவா. செய்த விளையாட்டை ஆடிப் பார்த்து எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்கிற டெஸ்டர் வசுமதி. அவர்கள் செய்த கைப்பேசி விளையாட்டுகள் எதுவும் பெரிதாக ஓடியதில்லை. ஓடியது காமிக்ஸ்தான். ஆபீசில் நடக்கிற சில்லறைக் கூத்துகளை ஜெனோவா நாலு கட்டத்தில் வரைந்து 'ரெண்டாவது மாடி' என்ற பெயரில் இணையத்தில் போட்டுவந்தாள். அதில் வசு என்பவள் எதைக் கொடுத்தாலும் குறை சொல்கிறவள். அப்போது வசுமதிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. புதுப் படம் வந்ததும் அடுக்களையில் நின்று கணவனுக்கு வாசித்துக் காட்டுவாள்.

ஜெனோவாவின் தம்பி மூளைக் காய்ச்சலில் இறந்துபோன பிறகு அவளால் வரைய முடியவில்லை. வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்போதுதான் ரகோத்தமன் வாயாடியைக் கொண்டுவந்தார். வாயாடி, விளையாட்டுப் பாத்திரங்கள் தாமாகவே பேசுவதற்காக இசக்கிமுத்து எழுதிய புரோகிராம். ஒருவர் பேசுவதைக் கொஞ்ச காலம் கேட்டால் அவரைப் போலவே பேசும். ஜெனோவாவின் பழைய படங்களைக் கொடுத்ததும் அவள் பாணியிலேயே வரையவும் கற்றுக்கொண்டது. நாலு பேரும் சம்மதம் கொடுத்தார்கள். கூட்ட அறையில் ஒரு கேமராவும் மைக்கும் வைத்தார்கள். நடந்ததை வைத்துத் தினமும் ஒரு காமிக்ஸ் வரும், அவ்வளவுதான் என்று நினைத்தார்கள்.

வசுமதி மாடியேறி வந்தபோது ஜெனோவா அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தூத்துக்குடிக்காரி. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் உயராது, இறங்கும்.

"படிச்சியளாக்கா?"

"படிச்சேன். அது மெஷின் எழுதினது, ஜெனோ."

"அத நான் கேக்கல. நேத்து நீங்க வாயத் தொறந்திய. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்ன சொல்ல வந்திய?"

வசுமதிக்குப் பொய் சொல்லத் தெரியாமலில்லை. ஆனால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அந்தத் தாமதத்தையே ஜெனோவா பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"போதும்," என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

வசுமதி நேராக இசக்கிமுத்துவிடம் போனாள். அவன் காதிலிருந்த ஹெட்போனை அவளே கழற்றி மேசையில் போட்டாள்.

"நான் மனசுல நெனச்சது அதுக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாதுக்கா. ஊகிக்கும்." இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "நீங்க பேசுறத மட்டுமா அது கேக்கு? பேச வந்து நிறுத்துறது, மூச்ச இழுத்து விடுறது, யாரு பேசும்போது யாரு எங்க பாக்காங்க, எல்லாத்தயும் பாக்கு. இத்தன மாசமா உங்களக் கேட்டுக்கிட்டே இருக்குல்லா. நீங்க முழுங்குன வார்த்த என்னவா இருக்கும்னு நிரப்பிப் பாக்கும்."

"இதெல்லாம் நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்லக்கா. படிக்கறவங்க மறுநாளும் வரணும், அதுக்கு என்ன எழுதணுமோ எழுதுன்னு மட்டுந்தான் சொன்னேன். சிரிப்பா எழுதுனா படிச்சிட்டுப் போயிருதாங்க. சண்ட எழுதுனா, அடுத்து என்னன்னு பாக்க வாராங்க. அது அதக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டுச்சு."

"அப்ப நிறுத்து."

"அத நீங்க சார்ட்டதான் கேக்கணும்."

ரகோத்தமன் அவளை உட்காரச் சொன்னார். அவர் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்ததே இல்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். வாசகர்கள் 'வசு கட்சி', 'ஜெனி கட்சி' என்று இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வசுவின் தலையில் கொம்பு வரைந்து யாரோ போட்டிருந்தார்கள்.

"இத்தனை வருஷமா நம்ம பேரு ஒருத்தனுக்கும் தெரியாது, வசுமதி. இப்ப பாருங்க."

"என்ற பேரு தெரிய வேண்டாம் சார். நிறுத்துங்க."

"எனக்கு அந்த உரிமையே இல்ல. வரையற பாணி ஜெனோவாவோடது. அவ நிறுத்துன்னு சொன்னா அன்னிக்கே நிறுத்தணும்னு ஒப்பந்தம். நீங்க குடுத்த சம்மதம் காமிக்ஸ் நடக்கற வரைக்கும் செல்லும். அவகிட்ட போய்க் கேளுங்க."

வசுமதி போய்க் கேட்டாள். ஜெனோவா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "நடக்கட்டும். உங்க மனசுக்குள்ள இன்னும் என்னெல்லாம் கெடக்குன்னு எல்லாரும் பாக்கட்டும்," என்றாள்.

அதன் பிறகு அந்த மாடியில் யாரும் யாரிடமும் தேவைக்கு மேல் பேசவில்லை. கூட்டங்களில் ஆளாளுக்கு முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ரகோத்தமன் கூடக் கொட்டாவி வந்தால் கையால் மறைத்துக்கொண்டு கேமராவை ஓரக்கண்ணால் பார்த்தார். மௌனத்தையும் வாயாடி சாப்பிட்டது. வசு தினம் தினம் ஜெனியின் மேல் ஏதாவது ஒன்றைத் துப்பிக்கொண்டிருந்தாள். சிலது வசுமதி நினைத்தவை. சிலது நினைக்காதவை. எது எது என்று அவளுக்கே குழம்ப ஆரம்பித்தது. கீழே ஆயிரக்கணக்கில் வசவுகள். 'இவள் வீட்டில் சாவு விழுந்தால் தெரியும்' என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்த அன்று வசுமதிக்குள் ஏதோ கல்லாகிவிட்டது.

அடுத்த கூட்டத்தில் ரகோத்தமன், புது விளையாட்டின் மூன்றாவது லெவலுக்கான படங்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று ஜெனோவாவைக் கேட்டார். ஜெனோவா வாய் திறக்கும் முன் வசுமதி பேசினாள். ரகோத்தமனைப் பார்த்துப் பேசவில்லை. கேமராவைப் பார்த்துப் பேசினாள்.

"அவளுக்கு நேரம் ஏதுங்க சார்? துக்கம்னு எடுத்த லீவுல ஐதராபாத் போய் இன்டர்வியூ குடுத்துட்டு வந்தவளாச்சே."

ஐதராபாத் விஷயத்தை ஜெனோவா வசுமதி ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். தம்பி நினைப்போடு இந்த ஊரில் இருக்க முடியவில்லை, எங்கேயாவது ஓடிவிட வேண்டும் என்று அழுதுகொண்டே சொன்னது.

மறுநாள் காமிக்ஸில் ஜெனி, தம்பியின் படத்தைக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, நேர்காணல் அறைக்கு வெளியே கண்ணாடி பார்த்து உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். நேற்று வரைக்கும் ஜெனி கட்சியில் இருந்தவர்களே அவளைக் கிழித்தார்கள். செத்தவனை வைத்துச் சம்பாதிக்கிறாள் என்றார்கள். வசுமதி மத்தியானம் சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். அன்று அவளுக்கு நன்றாகப் பசித்தது.

ஜெனோவா அழவில்லை, லீவும் எடுக்கவில்லை. தன் கைப்பேசியில் தேடி, இருவரும் தோழிகளாக இருந்த காலத்தில் வசுமதி அனுப்பிய குரல் பதிவுகளையெல்லாம் எடுத்தாள். மாமியாரைப் பற்றி, அக்கம்பக்கத்தைப் பற்றி, கணவனைப் பற்றி வசுமதி மனம்விட்டுப் பேசியவை. எல்லாவற்றையும் வாயாடிக்குக் கொடுத்தாள்.

"இப்படிச் சாப்பாடு போட்டா அது எங்க போய் நிக்கும்னு தெரியாது," என்று இசக்கிமுத்து தடுத்துப் பார்த்தான்.

"போய் நிக்கட்டும்," என்றாள் ஜெனோவா.

இதற்குள் காமிக்ஸ் ஆபீசைத் தாண்டி வெளியே வந்துவிட்டிருந்தது. கணபதி பகுதியில் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த வசுமதியைக் கல்லூரிப் பெண்கள் இருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"அக்கா, நீங்க வசுதானே? ஒரே ஒரு தடவ என்னைத் திட்டுங்கக்கா. வீடியோ எடுத்துக்கறேன்."

அவள் காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். "நெஜத்துலயும் அப்படியேதான் இருக்கா, பாரு," என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னது காதில் விழுந்தது. வெளியே வந்தால், ஸ்கூட்டர் சீட்டை யாரோ பிளேடால் குறுக்கே கீறியிருந்தார்கள். யார் என்று கேட்கலாமென்றால் அங்கே ஒருவரும் அவள் பக்கம் பார்க்கவில்லை.

அவள் கணவர் தங்கராசு லேத் பட்டறை வைத்திருந்தார். தானாகக் காமிக்ஸ் படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பம்புசெட் உதிரிபாகம் வாங்க வந்த ஒரு வாடிக்கையாளர்தான் சிரித்துக்கொண்டே கைப்பேசியை நீட்டியிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், டிவியைப் போடாமல், அந்தப் படத்தை வசுமதியிடம் காட்டினார்.

அதில் எல்லாரும் கிளம்பிய பிறகும் வசு ஆபீசிலேயே உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குப் போகவில்லையா என்று படத்தில் வருகிற இசக்கி கேட்கிறான். வசு சொல்கிறாள்: "போனா அந்த மனுசன் டிவிய விட்டுக் கண்ண எடுக்காம, தண்ணிக்குக் கை நீட்டுவாரு. நான் செத்துக் கெடந்தாலும் அந்தக் கை நீட்டினது நீட்டினபடியேதான் இருக்கும்."

"ஏன் வசு, இது நெசமா?"

"அது மெஷினுங்க."

"மெஷினுன்னு எனக்குந் தெரியுது. நானும் மெஷின வச்சுத்தான் பொழைக்கறேன். நெசமான்னு கேட்டேன்."

வசுமதி சுவரைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் யாரோ குக்கரை இறக்கினார்கள். தங்கராசு எழுந்து போனார். பானையில் தானே தண்ணீர் மொண்டு குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அன்றிலிருந்து அவர் அவளிடம் எதையும் கேட்பதில்லை. சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார், சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று வசுமதிக்கு இருந்தது. விருந்தாளியாகத் தங்கியிருக்கிற மனிதரைப் போல அவர் தன் வீட்டில் நடமாடினார்.

அவள் வேலையை விட்டாள். தான் போய்விட்டால் வாயாடிக்குத் தீனி இருக்காது, வசு தானாகச் செத்துப்போவாள் என்று நம்பினாள். வசு சாகவில்லை. அவள் இல்லாத ஆபீசிலும் வசு தினமும் வேலைக்கு வந்தாள். முன்னைவிட அழகாகப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

இசக்கிமுத்துவுக்குப் போன் செய்தாள்.

"உங்க பேச்சு வேண்டிய மட்டும் இருக்குக்கா. இனிமே நீங்க தேவையில்ல," என்றான். சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். "மன்னிச்சிருங்கக்கா," என்று இழுத்தான். "நான் அப்படிச் சொல்ல வரல."

"நீ சொல்ல வந்தது என்னன்னு உன்ற மெஷினக் கேட்டுக்கறேன்," என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரம் வசு, ஜெனி வரைந்து முடித்த படங்களை வேண்டுமென்றே அழித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். வசுமதி கைப்பேசியைக் கட்டிலில் எறிந்தாள். வாயால் என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறாள், சொல்லாமல் விழுங்கியிருக்கிறாள். ஆனால் யாருடைய வேலையிலும் கை வைத்ததில்லை. அன்று முதல் முறையாகக் காமிக்ஸின் கீழே தன் சொந்தப் பெயரில் எழுதினாள். நான்தான் வசுமதி. இதை நான் செய்யமாட்டேன். லீவைப் பற்றி நினைத்தது உண்மை. ஐதராபாத்தைப் பற்றிச் சொன்னது என் தப்பு. அதற்காக ஜெனோவாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பதில்கள் உடனே வந்தன. 'வசு மன்னிப்புக் கேட்கமாட்டாள்.' 'போலி.' 'வசு மாதிரி எழுதக்கூடத் தெரியவில்லை, வந்துவிட்டாள்.' வசு கட்சிக்காரர்கள்தான் அதிகம் கோபப்பட்டார்கள். தங்கள் வசுவை யாரோ அசிங்கப்படுத்துவதாக அவர்கள் புகார் கொடுத்து அவள் எழுதியதை நீக்க வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வசுமதி விளாங்குறிச்சியில் ஜெனோவா தனியாகக் குடியிருந்த வீட்டுக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. அழைப்புமணியில் கை வைக்கப் போனவள் நின்றுவிட்டாள். உள்ளே அடுப்படியிலிருந்து அவளுடைய குரலே கேட்டது.

"முட்டையப் போடறதுக்கு முன்னால வெங்காயம் நல்லா வதங்கோணும், ஜெனோ. அவசரப்படாத. நேத்தும் நீ சரியாச் சாப்பிடல."

ஜெனோவா சிரிப்பதும் கேட்டது.

வசுமதி மணியை அழுத்தினாள். ஜெனோவா கையில் கரண்டியோடு வந்தாள். வந்திருப்பது யார் என்று பார்த்ததும் சிரிப்பு அப்படியே வற்றியது. வாசலை விட்டு விலகவில்லை.

"என்ன வேணும்?"

"உள்ளார யாரு பேசறது?"

"நீங்கதான்." ஜெனோவா கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "இசக்கிட்ட கேட்டு வாங்குனேன். ஆபீஸ்ல இருக்கற அதே வாயாடிதான்."

"அங்க என்னைப் பிசாசாக்கி விட்டுருக்குது. இங்க வந்து வெங்காயம் வதக்கச் சொல்லித் தருதா?"

"அங்க படிக்கறவங்களுக்காகப் பேசுது. இங்க நான் ஒருத்திதான இருக்கேன். நான் மறுபடி வந்து பேசணும்னா என்ன சொல்லணுமோ அதச் சொல்லுது. எனக்குத் தெரியாம இல்ல."

"அது ஏமாத்து, ஜெனோ."

"நீங்க ஏமாத்தக்கூட இல்லியேக்கா." ஜெனோவாவின் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. "தம்பிய அடக்கம் பண்ணிட்டு நான் திரும்பி வந்த அன்னிக்கு நீங்க என்ன கேட்டிய, ஞாபகம் இருக்கா? மூணாவது லெவல் எப்ப வரும்னு கேட்டிய. பொய்க்காவது ஒரு வார்த்த, சாப்டியான்னு கேட்டியளா?"

வசுமதிக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு வேறு எதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைக் கேட்டாள். அதை இப்போது விளக்கிச் சொல்ல முடியாது.

"மன்னிச்சுக்கோ. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"இவங்க எப்பவோ கேட்டுட்டாங்க." ஜெனோவா அடுப்படிப் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினாள். "ராத்திரி பகலா பேசித் தீத்துட்டோம். நான் மன்னிச்சிட்டேன்."

"என்னையா?"

"உங்கள இல்ல. இவங்கள."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "யாரு ஜெனோ, வந்திருக்கறது?"

"தெரிஞ்சவங்கதான்க்கா," என்று ஜெனோவா உள்ளே பார்த்துச் சொன்னாள்.

கன்னத்தில் அறை வாங்கியிருந்தால்கூட வசுமதிக்கு இப்படி இருந்திருக்காது. தங்கராசு வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது.

"நான் சண்டைக்கு வரல. காமிக்ஸ நிறுத்து. என்ற வீட்டுல மனுசன் என்னோட பேசறதில்ல. வெளிய தல காட்ட முடியல. உன்னையும்தான் நாறடிச்சிருக்குது. இதுல உனக்கு என்ன கெடைக்குது?"

உள்ளே வெங்காயம் தீய ஆரம்பித்த வாசனை வந்தது.

"அது எனக்கும் வேண்டாம். எப்பவோ நிறுத்தியிருப்பேன். ஆனா காமிக்ஸ் நின்னா உங்க சம்மதமும் முடிஞ்சிரும். சட்டப்படி இவங்களையும் அழிக்கணும்னு இசக்கி சொல்லுதான்." கரண்டியைக் கையில் திருப்பிக்கொண்டே சொன்னாள். "இவங்கள எனக்கு எழுதிக் குடுத்துருங்க. நாளைக்கே நிறுத்திருதேன்."

"என்னைக் கண்டா உனக்கு ஆகாது. ஆனா என்னை உனக்கு எழுதிக் குடுக்கோணும்."

"ஆமா."

"அது என்ற குரல், ஜெனோ. என்ற பேச்சு. நான் சாகற வரைக்கும், செத்த பொறகும், நான் சொல்லாதத எல்லாம் நான் சொன்னதா உன்ற வீட்டுல ஓடிட்டிருக்கும்."

"நீங்க சொல்லியிருக்கலாம்லக்கா. யாரு தடுத்தா?"

வசுமதிக்குக் கோபம் வந்தது. இந்தப் பெண்ணின் கையிலிருக்கிற கரண்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளே போய் அந்தக் குரல் வருகிற மடிக்கணினியைத் தரையில் போட்டு உடைக்க வேண்டும்போல வந்தது. இதையும் எங்கோ ஒன்று ஊகித்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அவள் கைப்பையில் பேனாவைத் தேடினாள்.

மறுநாள் 'ரெண்டாவது மாடி' நின்றது. ரகோத்தமன் கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாசகர்கள் கொஞ்ச நாள் கொதித்தார்கள். வசுவைத் திரும்பக் கொண்டுவா என்று எழுதினார்கள். பிறகு வேறு சண்டைக்குப் போய்விட்டார்கள். இசக்கிமுத்து ஊருக்கே திரும்பிப் போய்விட்டதாகக் கேள்வி.

வசுமதிக்கு மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வீட்டில் தங்கராசு மறுபடி டிவி பார்க்க ஆரம்பித்தார். இரண்டொரு வார்த்தை பேசவும் செய்தார். ஆனால் காமிக்ஸ் நின்றுவிட்டது என்று அவள் சொன்னபோது, "படம் நின்னுருச்சு, சரி," என்று மட்டும் சொன்னார். தண்ணீரைத் தானேதான் எடுத்துக் குடித்தார்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு மத்தியானம் ஆபீசில் இருந்தபோது வசுமதியின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஜெனோவாவிடமிருந்து. அந்த வாசலுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை.

'வசுக்கா, நீங்க சொன்ன மாதிரியே அம்மாட்ட பேசிட்டேன். தம்பி பைக்க விக்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். அம்மா ரொம்ப நேரம் அழுதாங்க. இத்தன நாளா அழவே இல்ல. இப்பதான் எனக்கு மூச்சு வருது.'

வசுமதி அதை மறுபடி மறுபடி படித்தாள். ஜெனோவாவின் கைப்பேசியில் வசுக்கா என்ற பெயரில் இரண்டு பேர் இருக்க வேண்டும். தூத்துக்குடியில் அம்மாவோடு இருக்கிற அவசரத்தில் கை மாறி விழுந்திருக்கிறது. பைக்கைப் பற்றி அவளிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று வசுமதிக்கு நன்றாகத் தெரியும். ஓட்ட ஆளில்லாத வண்டி நின்றே வீணாகும், நல்ல விலை வரும்போதே தள்ளிவிடுங்கள் என்று சொல்லியிருப்பாள்.

'இது நான்தான், நீ மாத்தி அனுப்பிட்ட' என்று எழுத ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். பக்கத்து மேசைக்காரர் ஏதோ கேட்டார், அவளுக்குக் காதில் விழவில்லை. எழுதியதை அழித்துவிட்டு, 'நல்ல காரியம் பண்ணின, ஜெனோ' என்று அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. 'நீங்க சாப்டியளா?'

அந்த இன்னொருத்தி சாப்பிடுவதில்லை. ஜெனோவாவுக்கும் அது தெரியும். தெரிந்தே கேட்கிறாள், தினமும் கேட்பாள்போலிருக்கிறது. அதற்கு அந்த இன்னொருத்தி என்ன பதில் சொல்வாள்? வசுமதி கண்ணை மூடிக்கொண்டு, வெங்காயம் வதங்க வேண்டும் என்று சொன்ன அந்தக் குரலை நினைவுக்குக் கொண்டுவந்தாள். தன்னுடைய குரல்தான். ஆனாலும் அது எப்படிப் பேசும் என்று பிடிபட நேரமாயிற்று.

'என்னை விடு. அம்மாவச் சாப்பிட வெச்சியா?' என்று எழுதினாள். அது சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு அனுப்பினாள்.